உரிமம் ஒத்துப்போகவில்லை என்று திரை சொன்னால்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

ஒரே தகராறு திரும்பத் திரும்ப வருகிறது. லினக்ஸின் மையமான கெர்னலில் மாட்யூல் என்ற கூடுதல் துண்டு ஏறவில்லை, கம்பைல் பாதியில் நிற்கிறது, உரிமங்களைச் சோதிக்கும் ஸ்கேனர் சிவப்பாகக் கத்துகிறது, "இதை நான் ஓட்டலாமா கூடாதா?" என்று நள்ளிரவில் ஒரு செய்தி. ஒவ்வொரு முறையும் அதே நாலு கேள்வியைக் கேட்டு அதே பதிலைச் சொல்லிச் சலித்துப்போய், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. கெர்னல் மாட்யூல்களையும் பேக்கேஜ்களையும் கட்டிக் கட்டிக் கை காய்த்த ஆள், அவ்வளவுதான். வழக்கறிஞரிடம் போக வேண்டிய இடம் வந்தால் அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எந்த அறிகுறிக்கும் முன்: ஓட்டுகிறீர்களா, கொடுக்கிறீர்களா?

உங்கள் கணினியில் நீங்கள் ஓட்டுவது ஒன்று, கட்டிய பைனரியை (சோர்ஸ் என்ற மூல நிரலிலிருந்து கட்டி எடுத்த, ஓடத் தயாரான கோப்பை) அடுத்தவர் கையில் கொடுப்பது வேறு. ஜிபிஎல் என்பது கெர்னல் உட்படப் பல கட்டற்ற மென்பொருள்களின் உரிமம்: யாரும் ஓட்டலாம், மாற்றலாம், ஆனால் அடுத்தவருக்குக் கொடுத்தால் சோர்ஸையும் தர வேண்டும். அதன் 2ஆம் பதிப்பு, நிரலை ஓட்டும் செயலுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதைப் பூஜ்யம் என்று எண்ணிட்ட தொடக்கப் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. 3ஆம் பதிப்பு இன்னும் வெளிப்படை: நிரலைப் பெறவோ ஓட்டவோ இந்த உரிமத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளவே தேவையில்லை என்கிறது அதன் 9ஆம் பிரிவு. ஆகவே "ஓட்டுகிறேன், யாருக்கும் கொடுக்கவில்லை" என்பவருக்குக் கீழே இருப்பதில் பாதி வெறும் தொழில்நுட்பக் கோளாறு, உரிமச் சிக்கலே இல்லை.

கொடுப்பது என்றால் பதிவிறக்க இணைப்பு மட்டுமில்லை. வாடிக்கையாளருக்குப் பென் டிரைவில் தருவது, கருவிக்குள் ஃபர்ம்வேராக எரித்து விற்பது, நிரலும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய கன்டெய்னர் இமேஜைப் பொது ரெஜிஸ்ட்ரியில் ஏற்றுவது எல்லாமே கொடுப்பதுதான். கடைசியாகச் சொன்னதைப் பத்துக்கு எட்டுப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி 1: மாட்யூல் ஏறிவிட்டது, ஆனால் கெர்னல் "டெயின்டட்" என்கிறது

பதற வேண்டாம். மாட்யூல் ஓடும், இயந்திரமும் ஓடும். இது ஒரு குறிப்பு மட்டுமே. நாளைக்குக் கெர்னல் விழுந்து நீங்கள் பிழை அறிக்கை அனுப்பினால், "எங்களிடம் சோர்ஸ் இல்லாத ஏதோ ஒன்று உள்ளே இருந்தது" என்று கெர்னல்காரர்களுக்குத் தெரிவதற்காகப் போடுகிற முத்திரை.

ப்ராக் கோப்பகத்துக்குள் சிஸ், அதற்குள் கெர்னல், அதற்குள் டெயின்டட் என்று ஒரு கோப்பு இருக்கும். திறந்தால் ஒரே ஒரு எண். அதில் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு: ஜிபிஎல்லோடு ஒவ்வாத மூடிய உரிம மாட்யூலுக்கு 1, கெர்னல் மரத்துக்கு வெளியே கட்டிய மாட்யூலுக்கு 4096, கையொப்பம் இல்லாத மாட்யூலுக்கு 8192. எல்லாம் கூட்டுத்தொகையாக வந்து நிற்கும்.

நான் பார்க்கிற முதல் விஷயம், எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான். 12288 என்று இருந்தால் நீங்களே கட்டிய, கையொப்பமிடாத, ஆனால் உரிமம் சரியாக இருக்கிற மாட்யூல். உரிமத்தில் ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம். 12289 என்று இருந்தால் அந்த ஒற்றை 1தான் உரிமம். ஒற்றைப்படை வந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

அடுத்து, குற்றவாளி யார் என்று பாருங்கள். நீங்கள் இப்போது ஏற்றிய மாட்யூல்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை இரண்டு நாள் என் சொந்த டிரைவரைப் பிராண்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் கிராபிக்ஸ் அட்டையின் மூடிய டிரைவர் வேலை அது. ப்ராக்குக்குள் இருப்பது அல்ல, தனியாக மேல்மட்டத்தில் இருக்கும் சிஸ் கோப்பகத்தின் மாட்யூல் பகுதியில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனியாக டெயின்ட் என்ற சின்னக் கோப்பு இருக்கிறது. அதில் பி என்ற எழுத்து எதில் இருக்கிறதோ அதுதான். இன்னொன்று: மாட்யூலை இறக்கிவிட்டாலும் முத்திரை போகாது. ரீபூட் செய்தால்தான் எண் பூஜ்யமாகும். இறக்கிவிட்டு மறுபடி பார்த்து "இன்னும் இருக்கிறதே" என்று குழம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மூடிய மாட்யூலைத் தெரிந்தே ஏற்றியிருந்தால்? ஏற்றலாம். உங்கள் கெர்னலுக்குள் எதை ஏற்றுவது என்பது உங்கள் விருப்பம், ஜிபிஎல் உங்கள் கையைப் பிடிக்காது. வழக்கறிஞர் தேவையில்லை.

அறிகுறி 2: கம்பைல் முடிகிற நேரத்தில் "ஜிபிஎல்-ஒன்லி சிம்பல்" என்று நிற்கிறது, அல்லது ஏற்றும்போது "அன்னோன் சிம்பல்" என்கிறது

சிம்பல் என்பது கெர்னல் மாட்யூல்களுக்குத் திறந்துவிடும் செயல்கூறின் பெயர், அதில் சில ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டும். இந்த இரண்டு பிழையும் ஒரே நோயின் இரண்டு முகமாகவும் இருக்கலாம், வேறு வேறு நோயாகவும் இருக்கலாம். ஆகவே கிளை பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏற்றும்போது மட்டும் வருகிறதா? முதலில் நீங்கள் பயன்படுத்திய கட்டளை இன்ஸ்மாடா மாட்ப்ரோபா என்று பாருங்கள். இன்ஸ்மாட் ஒரு கோப்பை மட்டும் உள்ளே தள்ளும், அது நம்பியிருக்கிற மற்ற மாட்யூல்களைத் தேடாது. மாட்ப்ரோப் தேடி ஏற்றும். உரிமம் என்று நினைத்து என்னிடம் வந்ததில் கணிசமானவை இந்த ஒரு சொல் மாற்றத்தில் தீர்ந்திருக்கின்றன.

அதில் தீரவில்லையா? கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளில் எந்த சிம்பல் என்று பெயர் வந்திருக்கும். கெர்னல் ஹெடர் கோப்பகத்தில் (மாட்யூல் கட்டத் தேவையான அறிவிப்புகள் இருக்கும் இடம்) மாட்யூல் டாட் சிம்வெர்ஸ் என்ற கோப்பைத் திறந்து அந்தப் பெயரைத் தேடுங்கள். பெயரே இல்லை என்றால் உங்கள் கெர்னலில் அந்தச் செயல்கூறு இல்லை அல்லது வெளியே விடப்படவில்லை, அதாவது பதிப்புப் பிரச்சினை. பெயர் இருந்து, அதே வரியில் எக்ஸ்போர்ட் சிம்பல் ஜிபிஎல் என்று இருந்தால்தான் உரிமப் பிரச்சினை.

உரிமம்தான் என்று உறுதியாகிவிட்டது. அப்படியானால் சுலபமானதிலிருந்து வருவோம்.

சுலபமானது எழுத்துப்பிழை. மாட்யூல் லைசென்ஸ் என்ற மேக்ரோவுக்குள் எழுதும் சரத்தைக் கெர்னல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. "ஜிபிஎல்" சரி. "ஜிபிஎல் வி2" சரி, ஆனால் நடுவில் அந்த இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினால், அட அப்பாவி, உங்கள் முழுக்க முழுக்கக் கட்டற்ற மாட்யூலைக் கெர்னல் மூடிய மென்பொருள் என்று முடிவு கட்டிவிடும். "எம்ஐடி" என்றோ "பிஎஸ்டி" என்றோ (நிபந்தனை குறைந்த வேறு கட்டற்ற உரிமங்கள்) தனியாக எழுதினாலும் அதே கதி. "டூயல் எம்ஐடி/ஜிபிஎல்", "டூயல் பிஎஸ்டி/ஜிபிஎல்" என்றுதான் எழுத வேண்டும். மாட்இன்ஃபோ கட்டளையை ஓட்டினால் லைசென்ஸ் என்ற வரியில் என்ன சரம் போயிருக்கிறது என்று தெரியும். மேலோட்டமாகப் படிக்காதீர்கள், ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். மேக்ரோவையே மறந்துவிட்டீர்கள் என்றால் புதிய கெர்னல்களில் கட்டும்போதே பிழை வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சரம் ஏற்றுகிற நிரலுக்கான தகவல், அதுவே உரிமம் ஆகிவிடாது. சோர்ஸ் கோப்புகளின் தலையில் இருக்கும் எஸ்பிடிஎக்ஸ் வரி, அதாவது உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகக் குறிக்கும் வரிதான் உண்மையான உரிமத்தைச் சொல்வது. இரண்டும் முரண்பட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது, மாட்யூல் உண்மையிலேயே மூடியது. இங்கேதான் கை அரிக்கும். "சரத்தை ஜிபிஎல் என்று மாற்றினால் ஏறிவிடுமே!" ஏறும். உங்கள் கணினியில் நீங்கள் சோதித்துப் பார்க்க அப்படிச் செய்தால் யாரும் வந்து நிற்கப் போவதில்லை. ஆனால் அப்படி மாற்றியதை வெளியே கொடுத்தால், ஜிபிஎல் என்று நீங்களே அறிவித்துவிட்டு சோர்ஸை மறைத்ததாக ஆகிவிடும். 2004இல் ஒரு மோடம் டிரைவர் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக, ஜிபிஎல் என்ற சொல்லுக்குப் பின் ஒரு வெற்று பைட்டை நுழைத்து, அதற்கப்புறம் நிபந்தனைகளை எழுதியது. சி மொழியில் சரம் அந்த பைட்டோடு முடிந்துவிடும் என்பதால் கெர்னல் ஜிபிஎல் என்று மட்டும் படித்து ஏமாந்தது. ஊரே சிரித்தது, சண்டையும் நடந்தது.

நடுவில் ஒரு சின்ன ஜிபிஎல் மாட்யூலை வைத்து, அது கெர்னலிடம் வாங்கி மூடிய மாட்யூலுக்குக் கைமாற்றிவிடும் பழைய தந்திரமும் உண்டு. 2020இல் வந்த 5.9 கெர்னலிலிருந்து, அந்த இடை மாட்யூல் மூடிய மாட்யூலின் சிம்பலை வாங்கினால் அது செல்லாது. மூடிய மாட்யூலிடமிருந்து எதையாவது வாங்கும் மாட்யூலுக்கும் மூடிய முத்திரை ஒட்டிக்கொள்ளும், உடனே ஜிபிஎல்-ஒன்லி சிம்பல்கள் அதற்கும் கிடைக்காது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இந்தத் தந்திரத்தில் நேரம் கொட்டாதீர்கள்.

எல்லாவற்றையும்விட விலை கூடியது: அந்த சிம்பலைத் தொடாமல் மாட்யூலைத் திரும்ப எழுதுவது, வேலையைப் பயனர் வெளிக்கு (கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரல்கள் ஓடும் இடம்) நகர்த்துவது, அல்லது உண்மையிலேயே ஜிபிஎல்லில் வெளியிடுவது. சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலிடம் வேலை கேட்டுப் பயன்படுத்தும் சாதாரண நிரல்களை ஜிபிஎல் தொடாது என்று கெர்னலோடு வரும் குறிப்பே சொல்கிறது. ஆகவே நகர்த்த முடிந்தால் அதுதான் நிம்மதி. மூடிய மாட்யூலைப் பொருளோடு சேர்த்து விற்கப் போகிறீர்கள் என்றால், இங்கே நிறுத்திவிட்டு வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். "எங்கள் மாட்யூல் கெர்னலிலிருந்து பிறந்த படைப்பா இல்லையா" என்ற கேள்விக்கு இணையத்தில் பதில் கிடைக்காது, கிடைக்கிற பதிலை நம்பவும் கூடாது.

அறிகுறி 3: "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்"

இது உரிமமே இல்லை. உரிமப் பிழை போல வேடம் போட்டு வருகிற செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் இருப்பதை மட்டும் ஓடவிடும் காவல். மாட்யூலுக்குக் கையொப்பம் இல்லை, அல்லது கையொப்பமிட்ட சாவியை இயந்திரம் நம்பவில்லை. உங்கள் சாவியால் கையொப்பமிட்டு, மாக்யூட்டில் என்ற கட்டளை கொண்டு சாவியைப் பதிவுசெய்து ரீபூட் செய்யுங்கள். ரீபூட்டில் ஒரு நீலத் திரை வந்து விசையை அழுத்தச் சொல்லிச் சில விநாடி காத்திருக்கும். அதற்குள் டீ போடப் போய்விட்டால் பதிவு நடக்காது, திரும்பவும் முதலிலிருந்து. கருவி உங்களுடையதாக இருந்தும் சாவியைப் பதியவே விடவில்லை என்றால் அறிகுறி 7க்குப் போங்கள்.

அறிகுறி 4: கெர்னல் அப்டேட் ஆனதும் இசட்எஃப்எஸ் தொகுப்பைக் காணோம்

இசட்எஃப்எஸ் என்பது வட்டுகளைத் தொகுத்துக் கோப்புகளை வைக்கும் ஒரு கோப்பு முறைமை, கெர்னலுக்குத் தனி மாட்யூலாக வருவது. தரவு போகவில்லை. மாட்யூல்தான் போயிருக்கிறது. முதலில் மூச்சு விடுங்கள், வட்டை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

புதிய கெர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் வந்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதுதான் இல்லை. புதிய கெர்னலுக்கேற்ப மாட்யூலைத் தானே மறுபடி கட்டும் கருவியான டிகேஎம்எஸ், ஹெடர் இல்லாமல் எதைக் கட்டும்? ஹெடரைப் போட்டு டிகேஎம்எஸ்ஸை மறுபடி ஓட்டினால் வந்துவிடும். ஹெடர் இருந்தும் கட்டுவது தோற்றால், நீங்கள் வைத்திருக்கும் இசட்எஃப்எஸ் பதிப்பு எந்தக் கெர்னல் வரை தாங்கும் என்று அதன் வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருக்கும். கெர்னல் அதைத் தாண்டிப் போயிருந்தால் பழைய கெர்னலில் பூட் செய்து, கெர்னல் அப்டேட்டைப் பிடித்து நிறுத்தி, இசட்எஃப்எஸ் வரும்வரை காத்திருங்கள்.

இந்தக் கோளாறு ஏன் ஓயாமல் வருகிறது என்பதற்குப் பின்னால்தான் உரிமம் இருக்கிறது. இசட்எஃப்எஸ் சிடிடிஎல் உரிமத்தில் இருக்கிறது, கெர்னல் ஜிபிஎல் 2இல். இரண்டுமே கட்டற்ற உரிமங்கள்தான், ஆனால் இரண்டும் "என் கோடு என் நிபந்தனையில்தான் போக வேண்டும்" என்று நிற்பவை. ஆகவே இசட்எஃப்எஸ் கெர்னல் மரத்துக்குள் வரவே முடியாது, கெர்னல்காரர்களும் அதற்காக எதையும் காப்பாற்றி வைக்க மாட்டார்கள். 2019இல் 5.0 கெர்னல் வந்தபோது, செயலியின் வெக்டார் கட்டளைகளைப் பயன்படுத்தத் தேவையான ஒரு செயல்கூறு ஜிபிஎல்-ஒன்லி வடிவத்தில் மட்டுமே மிஞ்சியது. இசட்எஃப்எஸ்ஸுக்குச் செக்சம், குறியாக்க வேகம் அடி வாங்கியது, பிறகு அவர்களே அதற்கு மாற்று எழுதிக்கொண்டார்கள்.

"அப்படியானால் நான் ஓட்டுவது சட்டவிரோதமா?" இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு இசட்எஃப்எஸ்ஸை சோர்ஸாகக் கொடுக்கிறது, கட்டுவது உங்கள் கணினியில் நடக்கிறது, நீங்கள் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. உபுண்டு 16.04 கட்டிய மாட்யூலையே சேர்த்துக் கொடுத்தபோது, 2016இல், கட்டற்ற மென்பொருள் அமைப்பான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அது ஜிபிஎல் மீறல் என்றது, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் இல்லை என்றது. அந்தச் சண்டைகூடக் கொடுப்பவர்களைப் பற்றியதுதான், ஓட்டுகிறவர் அதில் கட்சி இல்லை. கட்டிய இசட்எஃப்எஸ் மாட்யூலோடு கெர்னலையும் வைத்து ஒரு கருவியாக விற்கத் திட்டமிட்டால் மட்டும் வழக்கறிஞர்.

அறிகுறி 5: சார்பு ஸ்கேனர் சிவப்பு, "இரண்டு லைப்ரரியின் உரிமம் ஒத்துப்போகவில்லை"

சார்பு என்றால் உங்கள் நிரல் நம்பியிருக்கும் வெளி லைப்ரரியோ கருவியோ. ரொம்ப அடிக்கடி வருவது ஜிபிஎல் 2ஓடு அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு கட்டற்ற உரிமம். அப்பாச்சி 2.0இன் காப்புரிமை (பேட்டன்ட்) நிபந்தனைகள் ஜிபிஎல் 2இல் இல்லாத கூடுதல் கட்டுப்பாடு, ஜிபிஎல் 2 கூடுதல் கட்டுப்பாட்டை ஏற்காது. 2007இல் வந்த ஜிபிஎல் 3 ஏற்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஸ்கேனரை நம்புவதற்கு முன், அது எந்தச் சார்பைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். சோதனைக்கும் கட்டுவதற்கும் மட்டும் பயன்படும் கருவியா, நீங்கள் கொடுக்கும் பைனரிக்குள் போகிறதா? கட்டும் கருவி பொதுவாக உள்ளே போவதில்லை, அதைப் பட்டியலிலிருந்து விலக்கலாம்.

உள்ளே போகிறது என்றால் அடுத்த கேள்வி: "2 மட்டும்" என்றிருக்கிறதா, "2 அல்லது அதற்குப் பிந்தையது" என்றிருக்கிறதா? இதைக் களஞ்சியத்தின் பக்கவாட்டில் தெரியும் உரிமச் சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. லைசென்ஸ் கோப்பில் இருக்கும் ஜிபிஎல் உரை இரண்டுக்கும் ஒரே உரைதான், எழுத்து மாறாது. அந்த உரையின் கடைசியில் மாதிரிக்குக் கொடுத்திருக்கும் அறிவிப்பில் "அல்லது பிந்தைய பதிப்பு" என்று இருப்பதைக் காட்டி, "பார், அனுமதி இருக்கிறது" என்று வாதாடியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வெறும் மாதிரி. சோர்ஸ் கோப்புகளின் தலைப்பைத் திறந்து பாருங்கள், ஒன்றல்ல, நாலைந்து. ஒரு பழைய லைப்ரரியில் நாற்பது கோப்பில் "பிந்தையது" என்றும் மூன்றில் "மட்டும்" என்றும் இருந்தது. அந்த மூன்றும் வேறொரு திட்டத்திலிருந்து அள்ளி வந்தவை. அப்புறம் என்ன, முழு பைனரியும் "மட்டும்" என்ற கணக்கில்தான் போகும். "பிந்தையது" என்று எல்லாவற்றிலும் இருந்தால் 3ஐத் தேர்ந்துகொள்ளுங்கள், சிவப்பு அணைந்துவிடும்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். ரஸ்ட் மொழி லைப்ரரிகள் பல "எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0" என்று வருகின்றன. "அல்லது" என்றால் உங்களுக்கு வேண்டியதை நீங்கள் எடுக்கலாம், எம்ஐடியை எடுத்தால் ஜிபிஎல் 2ஓடு சண்டையே இல்லை. எஸ்பிடிஎக்ஸ் வரியில் "ஆர்" இருந்தால் தேர்வு, "ஆண்ட்" இருந்தால் இரண்டையும் கடைப்பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு லைப்ரரியையே தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் தனிக் கதை. பழைய பதிப்புகளில் விளம்பர நிபந்தனை (விளம்பரங்களில் அவர்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது) இருந்ததால் எந்த ஜிபிஎல்லோடும் சேராது. அதனால்தான் டபிள்யூகெட் போன்ற பழைய ஜிபிஎல் நிரல்களில் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கென்று ஒரு விதிவிலக்கு வரியைப் பார்ப்பீர்கள். 2021இல் வந்த 3.0இலிருந்து அது அப்பாச்சி 2.0. ஆகவே நிரல் ஜிபிஎல் 3 என்றால் ஓப்பன்எஸ்எஸ்எல்லை 3க்கு ஏற்றினாலே தீர்ந்தது. "ஜிபிஎல் 2 மட்டும்" என்றால் ஏற்றியும் தீராது, விதிவிலக்கு வரி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

எதுவும் அமையவில்லை என்றால் வேறு லைப்ரரி, அல்லது உரிமையாளரிடம் விதிவிலக்கு கேட்பது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், பலர் தருகிறார்கள். ஆனால் நூறு பேர் பங்களித்த திட்டத்தில் ஒருவர் மட்டும் "சரி" என்றால் போதாது, பதிப்புரிமை எல்லோரிடமும் சிதறிக் கிடக்கும். அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் வேண்டும், கூடவே நிறையப் பொறுமையும்.

அறிகுறி 6: சோர்ஸ் தெரிகிறது, ஆனால் ஓட்டவே நிபந்தனை போடுகிறது

இங்கேதான் நான் மேலே சொன்ன "ஓட்டுவதற்குத் தடையில்லை" என்ற வசதி உடைகிறது, ஏனென்றால் இவை கட்டற்ற உரிமங்கள் இல்லை. எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம் என்பதுதான் கட்டற்ற மென்பொருளின் முதல் சுதந்திரம், அதற்கு எண்ணே பூஜ்யம்தான். "வணிகத்துக்குக் கூடாது", "போட்டி நிறுவனம் கூடாது", "நல்லதுக்கு மட்டும், தீமைக்கு இல்லை" இவை எல்லாமே அதை மீறுகின்றன. கடைசி வரி நகைச்சுவை போலத் தெரியும், ஜேஸன் உரிமத்தில் உண்மையிலேயே இருக்கிறது. நல்லது எது தீயது எது என்று யார் தீர்மானிப்பது என்று கேட்டு டெபியன் அதைக் கட்டற்றது அல்ல என்று ஒதுக்கிவிட்டது.

லைசென்ஸ் கோப்பே இல்லாவிட்டால்? அப்போது அனுமதியும் இல்லை. பேக்கேஜ் விவரக் கோப்பு, ரீட்மி, சோர்ஸ் தலைப்பு மூன்றையும் தேடுங்கள். இல்லை என்றால் எழுதியவரிடம் ஒரு வரி கேளுங்கள்.

நேற்று வரை கட்டற்றதாக இருந்து இன்று மாறிவிட்டதா? உங்களிடம் இருக்கும் பதிப்பின் எண்ணைப் பாருங்கள். கொடுத்த உரிமத்தைப் பழைய பதிப்பிலிருந்து திரும்பப் பிடுங்க முடியாது, புதிய பதிப்புக்குத்தான் புது நிபந்தனை. பழையதில் நிற்கலாம், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராது, ஆகவே கொஞ்ச நாள்தான் நிற்க முடியும். கிளைத்திட்டம் (பழைய கட்டற்ற பதிப்பிலிருந்து பிரிந்து வளரும் திட்டம்) இருக்கிறதா பாருங்கள்: 2023இல் டெராஃபார்ம் மாறியபோது ஓப்பன்டோஃபு வந்தது, 2024இல் ரெடிஸ் மாறியபோது வால்கீ வந்தது. சில திட்டங்கள் திரும்பியும் வந்திருக்கின்றன. எலாஸ்டிக்சர்ச் 2024இலும் ரெடிஸ் 2025இலும் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தை ஒரு தேர்வாகச் சேர்த்தன. ஆகவே பழைய செய்தியைப் படித்து முடிவெடுக்காமல் இன்றைய லைசென்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் என்றால் அதில் கூடுதல் அனுமதி என்று ஒரு பத்தியும், கட்டற்றதாக மாறும் தேதியும் இருக்கும். அந்தத் தேதி அதிகபட்சம் 4 ஆண்டு தள்ளி இருக்கும். உங்கள் பயன்பாடு அந்தப் பத்திக்குள் வருகிறதா என்பதில் சந்தேகம் இருந்தால், பணம் புரளும் வேலை என்றால், வழக்கறிஞர்.

ஏஜிபிஎல்லைக் கண்டு அலறுகிறவர்களுக்கு இரண்டே வரி. அதைத் தொடாமல் அப்படியே ஓட்டினால் கூடுதல் கடமை எதுவும் இல்லை. மாற்றி, நெட்வொர்க் வழியாக மற்றவர்கள் பயன்படுத்த விட்டால், அவர்களுக்கு மாற்றிய சோர்ஸ் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

அறிகுறி 7: சோர்ஸ் கொடுத்தார்கள், மாற்றிக் கட்டினேன், கருவி அதை ஓட்ட மறுக்கிறது

முதலில் கட்டியது சரியா என்று பாருங்கள். ஒரு எழுத்தும் மாற்றாமல் அவர்கள் கொடுத்த சோர்ஸை அப்படியே கட்டி ஏற்றிப் பாருங்கள். அதுவும் ஏறவில்லை என்றால் உங்கள் மாற்றத்தில் தவறில்லை, கருவி கையொப்பம் கேட்கிறது. பிறகு மறுக்கப்பட்டது எந்த உரிமத்தில் இருக்கும் பகுதி என்று பாருங்கள். ஜிபிஎல் 3 என்றால், வீட்டு உபயோகப் பொருளாக இருந்தால், மாற்றிய பதிப்பை நிறுவி ஓட்டத் தேவையான தகவலையும் சாவியையும் தர வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டித் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஜிபிஎல் 2 என்றால் கட்டவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளைத் தர வேண்டும் என்று மட்டும் இருக்கிறது, அதில் சாவியும் அடங்குமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கெர்னலே ஜிபிஎல் 2 என்பதால் பெரும்பாலான கருவிகளில் இங்கேதான் முட்டி நிற்கும்.

மூடிய செயலிக்குள் இருக்கும் எல்ஜிபிஎல் (மூடிய நிரல்களும் பயன்படுத்த விடும், ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம்) லைப்ரரியை மாற்றிப் போட்டு ஓட்டுவதும் உங்கள் உரிமை. தனிக் கோப்பாக இருந்தால் மாற்றிவிடலாம், உள்ளேயே சேர்த்து இணைத்திருந்தால் மறுபடி இணைக்கத் தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைல் ஆகி, இன்னும் இணைக்காத துண்டுகளை) கேட்டு வாங்க வேண்டும்.

அறிகுறி 8: "நீங்கள் உரிமத்தை மீறுகிறீர்கள்" என்று கடிதம் வந்துவிட்டது

ஆத்திரத்தில் பதில் எழுதாதீர்கள். பயத்தில் களஞ்சியத்தை அழிக்காதீர்கள், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். அன்றைக்கே பைனரி கொடுப்பதை நிறுத்துங்கள். உங்கள் இயந்திரங்களில் ஓட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

ஜிபிஎல் 3இல், முதல் தடவை மீறியவர் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை திரும்பி வந்துவிடும். ஜிபிஎல் 2இல் அப்படி ஒரு வசதி எழுதப்படவில்லை, மீறிய உடனே உரிமை போய்விடும். ஆனால் கெர்னல் உருவாக்குநர்கள் பலர் 2017இல் கையெழுத்திட்ட அறிக்கையில் 3இன் அதே அவகாசத்தைத் தாங்களும் தருவதாகச் சொன்னார்கள். ஆகவே கடிதம் வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சோர்ஸைக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்றால், அனுப்பும் முன் ஒரு சோதனை. எதுவுமே நிறுவாத புதிய கணினியில், அந்தத் தொகுப்பை மட்டும் வைத்து, வேறு யாரையாவது கட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று உதவி செய்யக் கூடாது. நான் உட்கார்ந்து பார்த்த ஒரு சோதனையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே நின்றுவிட்டது: கட்டும் ஸ்கிரிப்ட், எழுதியவருடைய வீட்டுக் கோப்பகத்தில் இருந்த ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அது தொகுப்பில் இல்லை. அப்படி அனுப்பியிருந்தால் இரண்டாவது கடிதம் வந்திருக்கும்.

கடிதம் எழுதியது உருவாக்குநர் ஒருவர், கேட்பது சோர்ஸ் மட்டும் என்றால் பெரும்பாலும் நீங்களே மரியாதையாகப் பேசி முடித்துவிடலாம். பணம் கேட்டிருந்தால், ஏதாவது உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டிருந்தால், வழக்கறிஞரின் தலைத்தாளில் வந்திருந்தால், ஒரு வரிகூட நீங்களாக எழுதாதீர்கள், மென்பொருள் உரிமம் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள். போகும்போது கடிதம், கொடுத்த பைனரிகள் அப்படியே, ஒவ்வொன்றுக்குமான சோர்ஸ் கமிட் எண், சார்புப் பட்டியல், எந்தத் தேதியில் யாருக்கு எந்தப் பதிப்பு போனது என்ற கணக்கு. கடைசியாகச் சொன்னது இல்லாமல் போனால் முதல் சந்திப்பு முழுக்க அதைத் தேடுவதிலேயே போய்விடும், அந்த நேரத்துக்கும் கட்டணம் ஓடும்.